ஆடியில் நிறம் பூசிய கார்

அந்த வருடம் என் அப்பாவும் மாமாவும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஊரிகம் லைன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடு. அவருக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை. ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்து, குளித்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். அப்பா, மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜின் பிரிவில் இருந்தார். காட்பாடிப் பக்கத்திலிருந்து அந்த வேலைக்காக வந்தவர், அம்மாவைக் கட்டிக்கொண்ட பிறகு லைனிலேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டார்.

பொங்கலன்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "உங்க மைன்ஸ் இன்னும் எத்தினி நாளிக்கு ஓடும்?" கேலியாகக் கேட்கவில்லை. சாயங்காலம் மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டார். மாமா இலையை மடிக்காமல் எழுந்து போனார். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று லைன் முழுக்கப் பேச்சு இருந்தது. ஆனால் அதைச் சுரங்கத்துக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், மஞ்சள் புல்டோசர் செய்கிறவர் பேசக்கூடாது. அன்று முதல் மாமாவின் சாப்பாடு தூக்குச் சட்டியில் போனது. எடுத்துப் போனது நான். சட்டியோடு சேர்ந்து பேச்சும் என் மேல் ஏறிக்கொண்டது.

"உங்கப்பாகிட்ட சொல்லு, நாளைக்கி கொழாயில தண்ணி வராதாம்."

"தெரியும்னு சொல்லு."

இந்த அளவில்தான் மாசி வரை இருந்தது. பிறகு கார் வந்தது. வந்தது என்று சொல்வது சரியில்லை. அது எப்போதும் அங்கேயே இருந்தது. அம்மாவின் அப்பா ஒரு சுரங்க அதிகாரியிடம் டிரைவராக இருந்தவர். அதிகாரி ஊரைவிட்டுப் போகும்போது தன் சின்ன ஆங்கிலக் காரை அவருக்கே விட்டுவிட்டுப் போனாராம். உருண்டை முதுகும் உருண்டை விளக்குமாக, நத்தை ஒன்று நிமிர்ந்து பார்ப்பதுபோல இருக்கும். நான் பிறப்பதற்கு முன்பே தாத்தா போய்விட்டார். கார், மாமா வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் நின்றது. பின் இருக்கையில் கோழிகள் முட்டையிட்டன. லைனில் அதற்குத் துரை வண்டி என்று பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கோழிகளை விரட்டிவிட்டு அதன் முன்மூடியைத் திறந்தார். வடக்கே, ராஜஸ்தானத்தில், ஒரு துத்தநாகச் சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள், அவரோடு ஷிஃப்டில் இருந்தவர்கள் சிலர் ஏற்கெனவே போய்விட்டார்கள், இவரையும் கூப்பிடுகிறார்கள்.

"வண்டிய ஓட வெச்சி உன் கையில குடுத்துட்டுதான்க்கா போவேன்" என்றார் அம்மாவிடம்.

"எனக்கு எதுக்குடா வண்டி? நானா ஓட்டப்போறேன்?"

"ஓட்றவங்க ஓட்டட்டும்" என்று எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அன்று இரவு சோறு போடும்போது அம்மா பொதுவாகச் சொன்னாள்: "வண்டி முடிஞ்சா அவன் கெளம்பிடுவான். அப்பாரு வண்டிய பாதியில வுட்டுட்டுப் போற ஆளு இல்ல." அப்பா மோர் கேட்டார். நான் அந்தப் பேச்சில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். வண்டி முடியும். பேத்தமங்கலம் ஏரிக்கு அதில் போகலாம். ஜன்னலில் முகத்தை வைத்துக்கொள்ளலாம். மறுநாளே வகுப்பில் சொல்லிவிட்டேன். மாமா போவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. போகிறவர்கள் வருவார்கள், தினமும் கேஜில் இறங்கிப் போகிறவர் தினமும் வந்துகொண்டுதானே இருந்தார்.

மாமா இன்ஜினின் தலையைக் கழற்றினார். கழற்றியதை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது ஷிஃப்டுக்குப் போய்விட்டார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அப்பா அந்தத் தகரக் கூரையைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல் நாள் பார்க்காமல் போனார். அடுத்த நாள் நின்றார். மூன்றாம் நாள் வீட்டுக்குள் வந்து, அம்மாவின் பழைய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், திறந்து கிடந்த சிலிண்டர்களின் மேல் விரித்து, நான்கு ஓரத்திலும் போல்ட் வைத்தார். திறந்த இன்ஜினை மூடாமல் வைத்திருப்பதை அவரால் தாங்க முடியாது. மாமா வந்து துணியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"யாரு போட்டது?" என்றார் என்னிடம்.

"அப்பா."

"வால்வு அரைக்கறதுக்கு பேஸ்ட்டு எங்க கெடைக்கும்னு கேளு."

இப்படித்தான் ஆரம்பித்தது. அதன்பின் சாயங்காலங்களில், ஷிஃப்ட் ஒத்து வரும்போதெல்லாம், இருவரும் கூரையின் கீழ் இரண்டு பக்கமாகக் குந்தியிருப்பார்கள். நடுவில் மண்ணெண்ணெய் ஊற்றிய தட்டு. அதில் போல்ட்களும் ஸ்பிரிங்குகளும் ஊறும். மாமா பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டுவார். அப்பா ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துச் செய்தித்தாளில் வரிசையாக வைப்பார். எங்கிருந்து கழற்றியதோ அந்த வரிசை. அதைத் தாண்டி நடக்க எனக்கு மட்டும் அனுமதி இருந்தது, பேச்சைக் கொண்டுபோக வேண்டுமே.

வால்வு அரைப்பது எனக்குப் பிடித்த வேலை. குச்சியின் நுனியில் ரப்பர்க் கிண்ணம் ஒன்று இருக்கும். அதை வால்வின் முகத்தில் ஒட்டி, அடியில் பேஸ்ட் தடவி, மோர் கடைவதுபோல உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று பல்லைக் கூசவைக்கும். உருட்ட உருட்ட அந்தச் சத்தம் மெத்தென்று ஆகும். கடைசியில் யாரோ பக்கத்து அறையில் தூங்கும்போது விடும் மூச்சுபோல ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். எப்போதாவது பூமிக்குள் எங்கோ பாறை வெடித்து லைன் வீடுகள் ஒரு கணம் நடுங்கும். தட்டில் வால்வுகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

"போயி சொல்லு, எல்லா வால்வும் அரைச்சாச்சி. கண்ணாடி மாதிரி கீது."

அப்பா எழுந்து வந்து, துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, டீ குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, வால்வின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "கசியுதுன்னு சொல்லு."

மாமா ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "கசியல, அது வேர்வைன்னு சொல்லு."

"இரும்பு வேர்க்காதுன்னு சொல்லு."

"ஷாப்ட்டுக்குள்ள வந்து பாக்கச் சொல்லு. இரும்பு, பாறை, மனுசன் எல்லாம் வேர்க்கும்."

நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். நடு வீட்டு அக்கா தட்டியின் மேலாக எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, நீ டெலிபோன் எக்சேஞ்சா? மாசம் எவ்ளோ குடுக்கறாங்க?" என்றாள். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். மாமா மறுபடி அரைக்க ஆரம்பித்தார்.

நிறம் பார்க்கும் படலம் வைகாசியில் வந்தது. மாமா ஒரு கதவில் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்க, மேலே இருந்த கறுப்பு கரைந்து அடியில் கரும்பச்சை தெரிந்தது. அதன் அடியில் சந்தன நிறம். அதற்கும் அடியில் இரும்பு. ஏரி வற்றும்போது கரையில் விடும் கோடுகள் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரிந்தன. அந்த இடத்தில் நான் விரலை வைத்து, தாத்தா, துரை, துரைக்கு முந்தின துரை என்று சொல்லிக்கொண்டே போவேன். விரலுக்கு அது சில்லென்றிருக்கும்.

ராபர்ட்சன்பேட்டைக் கடையிலிருந்து மாமா நிற அட்டை ஒன்றை வாங்கி வந்தார். சின்னச் சின்னச் சதுரங்கள், பிள்ளையார் கோயில் பிரசாதத் தட்டுபோல. அப்பாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய தொழிற்சாலையிலிருந்து வெளியே போவதெல்லாம் மஞ்சள்.

"மஞ்ச அடிச்சா தூரத்துலயே தெரியும்னு சொல்லு."

"புல்டோசருக்கு மாப்பிள்ள பாக்கறாரான்னு கேளு. செவப்புதான் எடுப்பா இருக்கும்."

"மணி ஒண்ணு கட்டிவுட்டா பயர் இன்ஜின்னு சொல்லு."

இதையெல்லாம் நான் அப்படியே சொன்னதில்லை. "மஞ்ச வேணாமாம்", "செவப்பு வேணாமாம்" என்று சுருக்கிவிடுவேன். அவர்கள் காதில்தான் ஏற்கெனவே விழுந்திருக்குமே.

இருவரும் நிறம் பார்க்கும் விதத்தை நான் இன்றும் நினைத்துக்கொள்வேன். அப்பா அட்டையை எடுத்துக்கொண்டு வெயிலில் போய் நிற்பார். கண்ணைச் சுருக்கி, கையை நீட்டி, அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். மாமா அதை அடுப்படி இருட்டுக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்தி, டார்ச்சை நெற்றிக்கு நேராகப் பிடித்து அதன் வெளிச்சத்தில் பார்ப்பார். சுரங்கத்துக்குள் பதினைந்து வருடம் எதையும் நெற்றி விளக்கில் அப்படியே பார்த்துப் பழகியவர். "வெய்யில்ல எல்லாமே நல்லாதான் தெரியும் பாப்பா. லாம்ப்பு போட்டா தெரியும் எது நெசம்னு" என்பார். மஞ்சள் அந்த வெளிச்சத்தில் சோகை பிடித்துப்போயிற்று. சிவப்பு கறுத்துவிட்டது. அவர் இருட்டில் விரும்பிய நீலம் அப்பாவின் வெயிலில் வெளுத்துப்போனது.

நான் வெயிலுக்கும் அடுப்படிக்குமாக அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடிய ஓட்டத்தில், கடைசி வரிசையில் ஒரு சதுரம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்தேன். வாழை இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் இருக்குமே, மாவு பூத்த பச்சை, அந்த நிறம். வெயிலில் அது கண்ணைக் குத்தவில்லை. டார்ச்சில் அது இருண்டுபோகவில்லை. அதன் மேல் விரலை வைத்து அப்பாவிடம் காட்டினேன். அவர் "ம்" என்றார். மாமாவிடம் காட்டினேன். அவர் டார்ச்சை அணைத்தார். கார் எனக்கு அப்போதே முழுதாகத் தெரிந்தது. ஏரிக்கரையில், புங்க மரங்களுக்குக் கீழே, இலைகளோடு இலையாக அது ஓடிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி கனவிலும் ஓடியது. ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை, எனக்கு அது பெரிதாகப் படவும் இல்லை.

"கலர் முடிவாயிடிச்சிம்மா" என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஆவட்டும். அவசரம் ஒண்ணியும் இல்ல" என்றாள் அம்மா.

எனக்குத்தான் அவசரம். சுதந்திர தினம் கழிந்த ஞாயிறு ஏரிக்குப் போகிறோம் என்று வகுப்பில் நாளே குறித்துவிட்டிருந்தேன். ஆனால் வேலை ஏனோ நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டு வந்தது. அப்பா கேஸ்கட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நெளிந்திருக்கிறது என்று இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தனுப்பினார். பூட்டி முடித்த கார்புரேட்டரை மாமா தானாகவே கழற்றினார். "ஜெட்டுல தூசி கீதோன்னு ஒரு சந்தேகம்." ஊதிப் பார்த்துத் தூசி இல்லை என்றார். மறுபடி பூட்டாமல் ஒரு வாரம் வைத்திருந்தார். எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவர்களோடு வாழ்வது கஷ்டம் என்று அப்போது நினைத்தேன்.

ஆனி முடிகிற சமயம் இன்ஜின் பேசியது. முதலில் இருமியது, பிறகு நீலப் புகை விட்டது, பிறகு மடியில் கிடக்கும் பூனைபோல நிதானமாக உறுமிக்கொண்டே இருந்தது. லைனே கூடிவிட்டது. அப்பா காதைச் சாய்த்துக் கேட்டார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மாமாவும் கேட்டார். "ஓடுது" என்றார், யாரிடமும் இல்லாமல். ஆவணியில் வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லி வடக்கிலிருந்து தகவல் வந்துவிட்டது. "பெயின்ட்டு காஞ்சதும் கெளம்பறேன்க்கா" என்றார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கியதையே திரும்பப் பொறுக்கினாள்.

பட்டி பூசித் தேய்த்து, சிவப்பு ப்ரைமரும் அடித்தாயிற்று. கடைசிப் பூச்சு மட்டும்தான் பாக்கி. அப்பா ஒரு சாயங்காலம் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கெழம அடிச்சிடலாம்னு சொல்லு."

நான் திரும்பினேன். மாமா நிற அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரின்னு சொல்லு" என்றார்.

நடு வீட்டு அக்காதான் கேட்டாள், "ஆடியிலயா?" என்று.

"அவங்களுக்குத் தெரியாததா" என்றாள் அம்மா.

அந்த ஞாயிறு விடியும்போது இலைகூட அசையவில்லை. ஸ்ப்ரே அடிக்கும் கம்ப்ரசரை அப்பா தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்திருந்தார். காலையிலேயே ஆரம்பிப்பார்கள் என்று நான் பல் தேய்த்துவிட்டு நின்றேன். அப்பா டீ குடித்தார். ஸ்ப்ரே கன்னைக் கழற்றிக் கழுவினார். பெயின்ட்டைத் துணியில் வடிகட்டினார். வடிகட்டியதை மறுபடி வடிகட்டினார். சீக்கிரம் காய்கிற பெயின்ட்டை அவர் வேண்டாம் என்றிருந்தார். மெதுவாகக் காய்கிறதில்தான் பளபளப்பு நிற்கும் என்று சொல்லியனுப்பியிருந்தார். கூரைக்கடியில் அடித்தால் கண் எரியும் என்று காரை வெளியே தள்ளச் சொன்னார். மாமா தள்ளினார். வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் அடித்தார்கள்.

அது வந்த விதத்தை எப்படிச் சொல்வது? அப்பா கையை வீசி வீசிக் காரைச் சுற்றி நடந்தார். அவர் கை போன வழியெல்லாம் சிவப்பு மறைந்து பச்சை எழுந்தது. சத்தம் உஸ்ஸென்று ஒரே சீராக இருந்தது. மாமா குழாயைச் சிக்காமல் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே அடிமேல் அடி வைத்தார், கோயில் சுற்றுகிறவர்கள்போல. கடைசியில் கன்னைக் கீழே வைத்துவிட்டு இருவரும் விலகி நின்றார்கள். கார் இப்போதுதான் தண்ணீரிலிருந்து எழுந்துவந்ததுபோல ஈரமாக நின்றது. அதன் முதுகில் வானம் தெரிந்தது, ஒரு காக்கை அதற்குள் பறந்துபோனது, என் முகமும் நீளமாகத் தெரிந்தது. தொட வேண்டும்போல இருந்தது. தொடவில்லை.

அப்போது காற்று வந்தது.

லைனுக்குப் பின்னால் சயனைடு மேடு இருக்கிறது. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய பொடியை நூறு வருடமாகக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மலை. கையில் எடுத்தால் கோலமாவைவிட மென்மையாக இருக்கும். அதன் உச்சி மெல்லப் புகைந்தது. புகை இறங்கி, பந்தாடும் மைதானத்தைக் கடந்து, அவசரமே இல்லாமல் எங்களை நோக்கி வந்தது. வந்து, காரின் மேல் உட்கார்ந்தது. ஒரு நிமிடத்தில் வானம் போயிற்று, காக்கை போயிற்று, என் முகம் போயிற்று. மாவில் புரட்டிய மீன் மாதிரி ஆகிவிட்டது துரை வண்டி.

நான் கத்திக்கொண்டே போர்வை எடுக்க ஓடினேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. துணி பட்டா இன்னும் கெடும்."

"காத்து வரும்னு யாருமே பாக்கலியா?" என்று இருவரையும் பார்த்துக் கத்தினேன்.

"இன்னாத்த பாக்கறது? காத்து கண்ணுக்கா தெரியுது?" என்றார் மாமா.

அப்பா சிரித்தார். கேஸ்கட்டில் நெளிவு இருந்தால் இரண்டு தடவை திருப்பி அனுப்புகிறவர், மாதக்கணக்கான வேலை கண் முன்னால் பாழாகிக்கொண்டிருக்கும்போது சிரித்தார். பிறகு காரின் பின்பக்கத்தை ஒருமுறை சுற்றி வந்து சொன்னார்: "காயட்டும் மச்சான். காஞ்சப்பறம் முழுசா தேச்சி எடுத்துடலாம்."

நான் மாமா பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன்.

"ஆமா மாமா. பட்டியிலேர்ந்து திரும்ப வரணும்" என்றார் மாமா, அப்பாவைப் பார்த்து.

"மட்கார்டு ரெண்டும் நீ எடுத்துக்க."

"எடுத்துக்கறேன். கதவு நீங்க பாருங்க. என் கை கதவுக்கு ஆவாது."

திறந்த வாயோடு நடுவில் நின்றேன். கொண்டுபோக ஒன்றும் இல்லை. அழுகையாக வந்தது. ஏரிக்காக என்றுதான் அழுதேன், என் வேலை போய்விட்டதற்காகவும் இருக்கலாம்.

புரட்டாசி வரை காற்று நிற்கவில்லை. அதன் பிறகு மழை. ஈரத்தில் பெயின்ட் அடிக்கக்கூடாது என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். தேய்த்த வண்டியைத் திரும்பத் தேய்த்தார்கள். மாமா எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார். கார்த்திகையில் கார் வாழை இலை நிறத்தில் காய்ந்து நின்றது. ஏரி அப்போது ததும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு போனேன். தை பிறந்த பிறகு, வடக்கே மறுபடி ஆள் எடுத்தபோதுதான் மாமா போனார். அதற்கு அடுத்த வருடம் சுரங்கத்தை மூடினார்கள்.

காற்றில் இருவரும் ஏமாந்துவிட்டார்கள் என்றுதான் வகுப்பில் சொன்னேன். வெகுகாலம் அப்படியே நினைத்துக்கொண்டுமிருந்தேன். ஆடி மாதம் லைனில் பெண்கள் விடியும்போதே துணி துவைத்து, வெயில் ஏறுவதற்கு முன்னால், காய்ந்தாலும் காயாவிட்டாலும், கொடியிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுக்க மறந்தவர்கள், மேட்டுப் பொடி படிந்த துணியைச் சாயங்காலம் மறுபடி துவைக்க வேண்டும். ஞாயிறுகளில் எங்கள் கொடி எப்போதும் நிறைந்திருக்கும், அப்பாவின் நீலச் சட்டைகளும் மாமாவின் மண் போகாத காற்சட்டைகளுமாக. அந்த ஞாயிறு அம்மா துணியே துவைக்கவில்லை. காலையிலிருந்து அந்தக் கொடியின் கீழாகத்தான் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவே நான் ஓடிக்கொண்டிருந்தேன். தலையில் ஈரத்துணி படாமல் இன்றைக்கு எவ்வளவு சுலபமாக ஓட முடிகிறது என்று மட்டும் நினைத்தேன்.